பான்சர்ட்ரெயின் பார்க்: ஒதுக்கிவைத்த இடத்தில் எழுந்த வீடுகளைப் பெருமையாகக் கொள்ளலாமா?

கரையோரன் எழுதியது:

நியூ ஆர்லியன்ஸ் நகரில், பான்சர்ட்ரெயின் ஏரிக்குத் தெற்கே, ஒரு கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி ஏறத்தாழ 1,000 வீடுகள் அமைந்திருக்கின்றன. ஏரியின் பெயரையே தாங்கிய பான்சர்ட்ரெயின் பார்க் என்னும் அந்தக் குடியிருப்பு, கறுப்பினக் குடும்பங்கள் சொந்தமாக வீடு வாங்குவதற்கென்றே 1955-இல் திறக்கப்பட்டது. வளைந்து செல்லும் தெருக்கள், முன்புறம் புல்வெளி, ஒரே தளத்தில் அமைந்த வீடுகள் என்று, போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகருக்கு உரிய அம்சங்கள் எல்லாம் அங்கே உண்டு. அவை அனைத்தும் அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே விற்கப்பட்டுவந்தவை என்பதுதான் செய்தி. அடுத்த குடியிருப்பான ஜென்டிலி உட்ஸ் ஏறத்தாழ அதே காலத்தில், அதே மாதிரியான வீடுகளோடு, வெள்ளையருக்காகக் கட்டப்பட்டது. இரண்டுக்கும் இடையில் ஒரு வடிகாலும் வேலியும் இருந்தன.

இந்தக் குடியிருப்பு 2020-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. இன ஒதுக்கல் சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவிய ஒரு நகரத்தில், அந்த ஒதுக்கலைக் குலைக்காமலேயே, சொல்லப்போனால் அதைக் காப்பாற்றும் பொருட்டே உருவான ஓர் ஊரை நாம் சாதனையாகக் கொண்டாடுவதா, அல்லது அநீதியின் சான்றாகப் பாதுகாப்பதா? அங்கே வாழ்ந்தவர்கள் அதைத் தங்கள் பொற்காலமாகவே பேசுகிறார்கள். அவர்கள் நினைவை மறுக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பாடும் வாழ்த்து எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. இந்நகர வரலாற்றை அறிந்தவர்கள் தங்கள் கருத்தை விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பத்திர எழுத்தர் எழுதியது:

கொண்டாடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், 1955-இல் நியூ ஆர்லியன்ஸில் கையில் பணமும் நிலையான வேலையும் உள்ள ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பார்த்துவிடுவது நல்லது, கரையோரன்.

இனவாரியாக நகரைப் பிரிக்கும் சட்டங்கள் செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இலேயே, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அப்படியிருந்தும் லூசியானாவும் நியூ ஆர்லியன்ஸும் 1924-இல் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தன. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக வாழும் இனத்தவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் மற்ற இனத்தவர் அங்கே குடியேறக் கூடாது என்றது அச்சட்டம். 1927-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. அதன்பின் தடை அரசிதழிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு இடம் மாறியது. இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று மனை விற்பவரே பத்திரத்தில் எழுதிவைத்தார். வாங்கியவர் மீறினால் அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடரலாம். ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் 1948-இல் வந்த தீர்ப்பு, இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொன்னது. எழுதிய நிபந்தனை தாளிலேயே இருந்தது. அதற்குப் பின்னால் நிற்கும் அரசின் கைதான் விலகியது.

இத்தனைக்கும் மேல் கடன் என்ற பூட்டு இருந்தது. 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனுக்குக் காப்பீடு அளித்தது. அதன் மதிப்பீட்டுக் கையேடு, வெவ்வேறு இனத்தவர் கலந்து வாழ்வதை மனை மதிப்பைக் குறைக்கும் அபாயமாகவே வகைப்படுத்தியது. அதனால் வெள்ளையர் பகுதியில் கறுப்பினத்தவருக்குக் கடன் இல்லை, பழைய கறுப்பினப் பகுதிகளில் யாருக்குமே கடன் எளிதில் கிடைக்காது. எஞ்சியது ஒரே வழிதான்: கறுப்பினத்தவருக்கென்றே, தனியாக, புதிதாக, அந்நிர்வாகத்தின் விதிகளுக்கு உட்பட்டுக் கட்டப்படும் குடியிருப்பு. பான்சர்ட்ரெயின் பார்க் அந்தச் சாவித்துளையின் அளவுக்கு வெட்டப்பட்ட சாவி. பூட்டு செய்தவரும் சாவி செய்தவரும் ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்கள் என்று வேண்டுமானால் குறை சொல்லலாம். கதவைத் திறந்து உள்ளே போனவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஹூஸ்டன் வாசகி எழுதியது:

பத்திர எழுத்தர் ஐயா சட்டத்தைத் தெளிவாக விளக்கினார், ஆனால் அவருடைய விளக்கத்தில் ஓர் ஆள்கூட நடமாடவில்லை. அந்தக் குறையை நான் கொஞ்சம் நிரப்ப முயல்கிறேன்.

அங்கே வீடு வாங்கியவர்கள் யார்? பள்ளி ஆசிரியர்கள், தபால் துறை ஊழியர்கள், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய முன்னாள் படைவீரர்கள். நடிகர் வெண்டெல் பியர்ஸ் அங்கேதான் வளர்ந்தார். பசிபிக் போர்முனையில் சண்டையிட்டுத் திரும்பிய அவருடைய தந்தை, ஊர் திரும்பியதும் எந்தப் பூங்காவுக்குள் நுழையலாம், எதற்குள் நுழையக் கூடாது என்று பார்த்து நடக்க வேண்டியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர். நகரின் முதல் கறுப்பின மேயராக 1978-இல் பொறுப்பேற்ற எர்னஸ்ட் மோரியல் அங்கே வாழ்ந்தவர். பின்னாளில் 1994 முதல் 2002 வரை அதே பதவியை வகித்த அவருடைய மகன் மார்க் மோரியல் அங்கே வளர்ந்தவர். ஒபாமா அரசில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்த லிசா ஜாக்சனும் அந்தத் தெருக்களின் பிள்ளைதான்.

புகழ் பெற்றவர்களின் பட்டியலைக் காட்டி ஊரை அளப்பது சோம்பேறித்தனம் என்பதை நான் அறிவேன். ஆனால் 1,000 வீடுகளுக்குள்ளிருந்து இத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? எதிர்வீட்டில் ஆசிரியை, பக்கத்து வீட்டில் வழக்கறிஞர், அடுத்த தெருவில் பின்னாளைய மேயர் என்று இருந்த இடத்தில் ஒரு குழந்தைக்குத் தன் எல்லை எது என்று யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. 1956-இல் சட்டமியற்றி உருவாக்கப்பட்ட சதர்ன் பல்கலைக்கழகத்தின் நியூ ஆர்லியன்ஸ் வளாகம், 1959-இல் இந்தக் குடியிருப்பின் ஓரத்திலேயே திறக்கப்பட்டது. வீட்டிலிருந்து நடந்தே கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு, அந்நகரக் கறுப்பின இளைஞர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்க்கரை எழுதியது:

வாசகி சொன்ன பல்கலைக்கழகமே என் வாதத்துக்குச் சான்று. பிரௌன் வழக்கின் தீர்ப்பு 1954 மே மாதத்தில் வந்தது. தனித்தனிப் பள்ளிகள் ஒருபோதும் சமமானவை ஆகா என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இரண்டே ஆண்டுகளில் லூசியானா ஒரு புதிய கறுப்பினக் கல்லூரி வளாகத்துக்குச் சட்டம் இயற்றியது என்றால், அது கல்வியின் மேல் கொண்ட காதலால் நடந்ததா?

குடியிருப்பும் அப்படியே. மேயர் டெலெசெப்ஸ் மோரிசனின் ஆட்சி நவீனமான, முன்னேறும் நகரம் என்ற பெயரை விரும்பியது. அதே வேளையில் வெள்ளையர் வாக்குகளையும் இழக்க விரும்பவில்லை. நகரின் பெரிய பொதுப் பூங்காவான சிட்டி பார்க்கில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் விளையாடும் உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கு, 1958-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதற்கு முன்பே, உங்களுக்கென்று தனியாகவே ஒன்று கட்டித் தந்துவிட்டோமே என்று காட்ட ஒரு மைதானம் தேவைப்பட்டது. பான்சர்ட்ரெயின் பார்க்கின் நடுவே பச்சைப் பசேலென்று விரியும் அந்த 18 குழி மைதானத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன். ஒரு தொழிலாளர், நடுத்தர வகுப்புக் குடியிருப்பின் நடுவில் இத்தனை பெரிய கோல்ஃப் மைதானம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை என்பதே வியப்பு.

அந்த மைதானத்தை வடிவமைத்தவர் ஜோசப் பார்த்தலோமியூ. சிறுவயதில் ஆடுபான் பூங்காவில் வெள்ளையரின் கோல்ஃப் தடிகளைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர். மெட்டேரி பகுதியின் கோல்ஃப் சங்கம் அவரை 1920-களில் நியூயார்க்குக்கு அனுப்பி, சேத் ரேனர் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரிடம் மைதானம் அமைக்கும் கலையைப் பயில வைத்தது. திரும்பிவந்து மெட்டேரியிலும் சிட்டி பார்க்கிலும் மைதானங்கள் அமைத்தார். தான் அமைத்த அந்தப் புல்தரையில் ஆட்டக்காரராகக் கால்வைக்க அவருக்கு உரிமை இல்லை. அவருடைய திறமைக்கு எதிரில் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் விளையாடக்கூடிய மைதானம் ஒன்று கடைசியில் கிடைத்தது என்பதைச் சாதனை என்று எழுதும்போது, மற்ற மைதானங்களை அவருக்கு மூடியவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். பொன்னால் செய்தாலும் விலங்கு விலங்குதானே.

ஹூஸ்டன் வாசகி எழுதியது:

விலங்கு என்ற உவமையை நான் ஏற்கவில்லை, எதிர்க்கரை. விலங்கு பூட்டப்பட்டவன் மாதாமாதம் கடன் தவணை கட்டி அதைத் தன் பிள்ளைக்கு எழுதிவைப்பதில்லை. உங்கள் வாதம் கட்டியவர்களின் நோக்கத்தைப் பற்றியது. அதில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. என் வாதம் குடியிருந்தவர்கள் அதை என்னவாக ஆக்கினார்கள் என்பதைப் பற்றியது. கோல்ஃப் மைதானம் 1956-இல் திறக்கப்பட்டது, 1979-இல் பார்த்தலோமியூவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. எந்த நோக்கத்தோடு வெட்டிய குளமாக இருந்தாலும், தண்ணீர் குடித்தவர்களின் பெயரில்தான் ஊர் அதை அழைக்கிறது.

அட்லாண்டாக்காரர் எழுதியது:

உரையாடல் நோக்கத்தைப் பற்றித் திரும்பியதால், அதே காலத்தில் வேறு நோக்கத்தோடு எழுந்த ஒரு குடியிருப்பை ஒப்புநோக்கலாம் என்று தோன்றுகிறது. நான் பல ஆண்டுகளாக அட்லாண்டாவில் வசிக்கிறேன். இங்கே நகரின் மேற்கே காலியர் ஹைட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2009-இல் அது தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது.

நியூ ஆர்லியன்ஸில் பான்சர்ட்ரெயின் பார்க்குக்கு முதலீட்டு ஆதரவு தந்தவர் எட்கர் ஸ்டெர்ன் என்ற வெள்ளையர். பருத்தி வணிகத்தில் செல்வம் சேர்த்தவர், கறுப்பினத்தவருக்கான டில்லார்டு பல்கலைக்கழகம் உருவாகத் துணைநின்றவர். தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பள்ளிகளுக்கு நிதியளித்த ஜூலியஸ் ரோசன்வால்டின் மகளான ஈடித் அவருடைய மனைவி. நல்ல மனிதர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பணமும் திட்டமும் கட்டுமான நிறுவனமும் வெள்ளையருடையவை. காலியர் ஹைட்ஸில் நிலம் வாங்கிப் பிரித்து, வரைபடம் தீட்டி, கட்டி விற்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அட்லாண்டாவில் 1921-இலேயே தொடங்கப்பட்ட சிட்டிசன்ஸ் டிரஸ்ட் என்ற கறுப்பின வங்கியும், அதைப் போன்ற காப்பீட்டு நிறுவனங்களும் இருந்ததால், கடனுக்காக வெள்ளையர் வங்கியின் வாசலில் காத்திருக்க வேண்டிய நிலை ஓரளவு குறைந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் உற்ற தோழரான ரால்ஃப் அபெர்னாத்தி, கட்டுமான நிறுவனம் நடத்திய ஹெர்மன் ரஸ்ஸல் ஆகியோர் அங்கே வாழ்ந்தார்கள்.

காலியர் ஹைட்ஸ் வீடுகளில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பல வீடுகளின் நிலவறைகள் விருந்துக்கூடங்களாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. நகரின் உணவகங்களும் மன்றங்களும் மூடியிருந்த காலத்தில், திருமண விருந்தும் அரசியல் கூட்டமும் வீட்டுக்கு அடியிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. கட்டடக்கலை மாணவர்கள் அதை அழகியல் என்பார்கள். எனக்கு அது நகரம் மறுத்த இடத்தின் அளவு.

ஆனால் சொந்தப் பணத்தில் கட்டினாலும் வேலி வரத்தான் செய்தது. காலியர் ஹைட்ஸுக்குத் தெற்கே பெய்டன் ஃபாரஸ்ட் என்ற வெள்ளையர் பகுதியில் ஒரு கறுப்பின மருத்துவர் வீடு வாங்கியதும், 1962 டிசம்பரில் மேயர் ஐவன் ஆலன் பெய்டன் சாலையின் குறுக்கே தடுப்புகளை எழுப்பினார். நாடெங்கும் அதை அட்லாண்டாவின் சுவர் என்று ஏளனம் செய்தார்கள். 1963 மார்ச் மாதம் நீதிமன்றம் அது செல்லாது என்றதும் தடுப்புகள் அகற்றப்பட்டன. எனவே எதிர்க்கரையின் கோபத்தோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறேன்: யார் கட்டினார்கள் என்பது முக்கியம்தான், ஆனால் அதை மட்டும் மாற்றினால் வேலி மறைந்துவிடாது.

நீர்மட்டம் எழுதியது:

நான் வடிகால் பொறியியல் துறையைச் சேர்ந்தவன் என்பதால் எல்லோரும் கடந்துபோன ஒன்றைக் கேட்கிறேன். அந்த நிலம் 1955 வரை ஏன் காலியாக இருந்தது?

பழைய நியூ ஆர்லியன்ஸ் மிசிசிப்பி ஆறு தானே சேர்த்த மேட்டின்மேல் அமைந்த நகரம். ஆற்றுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் முழுவதும் சதுப்புக்காடு. ஆல்பர்ட் பால்டுவின் வுட் என்ற பொறியாளர் 1913-ஐ ஒட்டிக் கண்டறிந்த திருகு விசைக்குழாய்கள்தான் அந்தச் சதுப்பு நீரை ஏரிக்கு இறைத்துத் தள்ளி, ஊர் வடக்கே பரவ வழி செய்தன. ஆனால் சதுப்பு மண்ணிலிருந்து நீரை இறைத்தால் மண் சுருங்கும். சுருங்கிய தரை ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்து கடல் மட்டத்துக்குக் கீழே போகும். பழைய நியூ ஆர்லியன்ஸ் வீடுகள் செங்கல் தூண்கள்மேல் நின்றன, வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். போருக்குப் பின்னர்ப் புறநகர்க் கட்டுமானம் மலிவும் விரைவும் கருதிக் கான்கிரீட் தளத்தைத் தரையோடு தரையாகப் போட்டது. தாழ்கின்ற மண்ணில் தாழ்வான தளம்: பான்சர்ட்ரெயின் பார்க்கின் கதை அந்த இரண்டு சொற்களில் அடங்கும்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலின்போது, இந்தப் பகுதிக்கு மேற்கே உள்ள லண்டன் அவென்யூ கால்வாயின் சுவர்கள் உடைந்தன. கிழக்கே தொழில்துறைக் கால்வாயின் தடுப்புகளும் தாக்குப்பிடிக்கவில்லை. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. பான்சர்ட்ரெயின் பார்க்கில் வீடுகளுக்குள் நீர் வாரக்கணக்கில் நின்றது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கறுப்பினத்தவரைத் திட்டமிட்டுப் பள்ளத்தில் குடியேற்றினார்கள் என்று சுருக்கிவிட வேண்டாம். பக்கத்து ஜென்டிலி உட்ஸும், மேற்கே வசதியான வெள்ளையர் வாழ்ந்த லேக்வியூவும் அதே சதுப்பின்மேல், அதே வகைத் தளத்தோடு கட்டப்பட்டவை, அவையும் மூழ்கின. வெள்ளத்துக்குத் தோலின் நிறம் தெரியாது. நிறம் தெரிந்தது நிவாரணக் கணக்கேட்டுக்கு. அதைப் பத்திர எழுத்தர் என்னைவிட நன்றாக விளக்குவார்.

பத்திர எழுத்தர் எழுதியது:

அழைத்ததற்கு நன்றி, நீர்மட்டம் அவர்களே. இந்த இழையின் முதல் கேள்விக்கு என் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வெள்ளத்துக்குப் பின் வீட்டைப் பழுதுபார்க்க, மத்திய அரசின் நிதியோடு லூசியானா நடத்திய திட்டத்துக்கு ரோட் ஹோம் என்று பெயர். உதவித்தொகைக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். அந்த வரம்புக்குள், புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு தொகையைக் கணக்கிட்டு, காப்பீட்டிலிருந்தும் பிற நிவாரணத்திலிருந்தும் கிடைத்ததைக் கழித்தார்கள். படித்துப் பார்த்தால் இதில் இனம் என்ற சொல் எங்கும் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே வகைக் கட்டுமானம், ஒரே அளவு சேதம் கொண்ட இரண்டு வீடுகள். இரண்டையும் சரிசெய்யத் தலா 2,00,000 டாலர் ஆகும். சிமெண்ட் மூட்டைக்கும் தச்சனின் கூலிக்கும் தெருவுக்குத் தெரு விலை மாறாது. வெள்ளையர் பகுதியில் இருக்கும் வீட்டின் சந்தை மதிப்பு 2,00,000 என்றால் அதற்கு உச்சவரம்பான 1,50,000 வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. கறுப்பினப் பகுதியில் இருக்கும் அதே வீட்டின் மதிப்பு 1,00,000 மட்டுமே என்றால், கிடைப்பது அதற்கு மேல் போகாது. ஒருவர் மீதிக்கு 50,000 தேடுகிறார், மற்றவர் 1,00,000 தேடுகிறார். பின்னவருக்குச் சேமிப்பு குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அவர் சேமிப்பே அந்த வீடுதான், அதன் விலை ஏறவில்லை.

அந்த விலை ஏன் ஏறவில்லை என்று கேட்டால், நான் முன்பு சொன்ன கூட்டரசு நிர்வாகத்தின் கையேட்டுக்கே திரும்பிப் போக நேரும். கறுப்பினப் பகுதி என்றால் மதிப்புக் குறைவு என்று 1930-களில் எழுதிவைத்த கணிப்பு, வாங்குபவர் கூட்டத்தைக் குறைத்து, கடனைக் குறைத்து, விலையைக் குறைத்து, தானே தன்னை மெய்யாக்கிக்கொண்டது. 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்தது, சந்தையின் நினைவை அது அழிக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரசு அலுவலர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் இரண்டு எண்களில் சிறியதைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பழைய பாகுபாடு முழுத் தொகையோடு மீண்டும் வசூலிக்கப்பட்டது.

இதை எதிர்த்து நியாய வீட்டுவசதி அமைப்புகளும் வீட்டு உரிமையாளர்களும் 2008-இல் வழக்குத் தொடர்ந்தனர். 2011-இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. குறைவாகத் தொகை பெற்றவர்களுக்குக் கூடுதலாக 6 கோடியே 20 இலட்சம் டாலர் ஒதுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் புயல் கடந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. கூரையில்லாமல் ஆறு ஆண்டுகள் காத்திருக்கும் வீடு எதுவும் இல்லை.

இன்னொன்று. உதவி பெற வேண்டுமென்றால் வீடு தன் பெயரில் இருப்பதை நிரூபிக்க வேண்டும். முதல் தலைமுறை வாங்கிய வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பங்குபிரிக்காமல், வாரிசுச் சான்று பெறாமல் வாழ்ந்துவந்த குடும்பங்கள் நியூ ஆர்லியன்ஸில் ஏராளம். வரி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் பத்திரம் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். பத்திர வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை விற்கவே கூடாது என்று நினைக்கிறவன்தான் பட்டா மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறான். ஊர்மேல் கொண்ட பற்றே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

எதிர்க்கரை எழுதியது:

கணக்கைப் படித்துவிட்டு நேற்றிரவு நீண்ட நேரம் யோசித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். வேலியைப் போட்டவர்களின் நோக்கத்தை மட்டும் பார்த்ததால், தீங்கு வேலியில்தான் இருந்தது என்று நினைத்துவிட்டேன். வேலி எப்போதோ போய்விட்டது. 1970-களுக்குப் பின் வெள்ளையர் வெளியேற ஜென்டிலி உட்ஸிலும் கறுப்பினத்தவரே பெரும்பான்மையாயினர். வேலி போன பின்னும் தீங்கு விலைப்பட்டியலில் தங்கிவிட்டது.

ஆனால் இதனால் வாசகியின் பக்கம் முழுமையாக வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அக்குடும்பங்கள் தோட்டத்தைப் பேணின, பிள்ளைகளைப் படிக்கவைத்தன, தவணை தவறாமல் கட்டின. எல்லாம் சரியாகச் செய்தும் சந்தை அவர்கள் வீட்டைக் குறைத்தே மதித்தது என்றால், அந்தப் பெருமையை நாம் போற்றும்போது அது விலையில் ஏறவில்லை என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். வரலாற்றுப் பதிவேட்டில் ஊரின் பெயர் ஏறியது. அதனால் அந்த வீட்டுக்காரருக்கு வங்கியில் ஒரு டாலர் கூடுதலாகக் கடன் கிடைக்குமா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பத்திர எழுத்தர் எழுதியது:

பொதுவாக அப்பதிவால் குடியிருக்கும் வீட்டுக்காரருக்குக் கூட்டரசிடமிருந்து நேரடிப் பணம் வராது. பழுதுபார்ப்புச் செலவுக்கான கூட்டரசு வரிச்சலுகை வாடகைக்கு விடும் அல்லது வணிக நோக்கிலான கட்டடங்களுக்கே உரியது. ஆனால் கூட்டரசுப் பணத்தில் அந்தப் பகுதி வழியே சாலையோ பாலமோ போட நினைப்பவர், அதனால் வரலாற்று இடத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்த பின்பே நடக்க முடியும். இதே நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் அவென்யூவின் கறுப்பினக் கடைவீதியில் இருந்த ஓக் மரங்களை 1966-இல் வெட்டிச் சாய்த்துத் தலைக்குமேல் நெடுஞ்சாலையைக் கொண்டுபோனவர்கள், யாரிடமும் அப்படி ஒரு கேள்வியைச் சந்திக்கவில்லை. அந்த வகையில் பதிவேடு ஒரு கவசம், பணப்பை அன்று.

அட்லாண்டாக்காரர் எழுதியது:

இங்கேயும் அதே நிலைதான். ஆனால் காலியர் ஹைட்ஸ் மக்கள் தேசியப் பதிவோடு நிற்காமல், 2013-இல் நகராட்சியின் வரலாற்றுப் பாதுகாப்பு வட்டமாகவும் அறிவிக்கச் செய்தார்கள். வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்ப நினைப்பவர் நகராட்சியின் அனுமதிக் குழு முன் போய் நிற்க வேண்டும். முதியவர் ஒருவர் சன்னலை மாற்றவும் அதே குழுவிடம் போக நேர்வதுண்டு. அந்த எரிச்சலையும் சேர்த்தே சொல்கிறேன்.

கரையோரன் எழுதியது:

நான் கேட்ட கேள்வி சிறிதாகவும் வந்த விடைகள் பெரிதாகவும் இருக்கின்றன. கொண்டாட்டமா சான்றா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. வீட்டை வாங்கிய ஆசிரியைக்கு அந்தத் தேர்வு இருந்ததே இல்லை.

நீர்மட்டம் அவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கத்ரீனாவுக்குப் பின் மூடிக்கிடந்த பார்த்தலோமியூ மைதானம் 2011 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. 2016-இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் பேரிடர்த் தாங்குதிறன் போட்டியில் கூட்டரசு 14 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியதாகவும், அதைக் கொண்டு ஜென்டிலி பகுதியில் மழைநீரைத் தேக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டதாகவும் படித்தேன். அதில் பான்சர்ட்ரெயின் பார்க்கும் உண்டா?

நீர்மட்டம் எழுதியது:

உண்டு. மழைநீரை விழுந்த உடனே இறைத்து ஏரியில் தள்ளுவதுதான் ஒரு நூற்றாண்டாக இந்நகரம் அறிந்த வழி. அதனால்தான் மண் சுருங்கியது என்பதை ஊர் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. புதிய திட்டங்களின் அடிப்படை எண்ணம் நேர்மாறானது: நீரைக் கொஞ்ச நேரம் ஊருக்குள்ளேயே நிறுத்திவைத்து, மண்ணுக்குள் இறங்கவிட்டு, மிச்சத்தை மெதுவாக வெளியேற்றுவது. அப்படி நீரைத் தேக்க நகருக்குள் பரந்த, கட்டடம் இல்லாத, தாழ்வான திறந்தவெளி வேண்டும். ஜென்டிலியில் அத்தகைய இடங்கள் அதிகம் இல்லை. எதற்கு இத்தனை பெரிய மைதானம் என்று எதிர்க்கரை கேட்டாரே, பார்த்தலோமியூ வெட்டிய குளங்களையும் புல்தரையையும் சுற்றித்தான் பின்னர்ப் பொறியாளர்கள் வரைபடத்தோடு நடந்தார்கள்.